பிலாமூட்டின் மேல் நீர்

பல வருஷம் கழித்து வந்து தங்கிய தம்பானூர் விடுதியில் இன்று குழாயைத் திறந்ததும் சேற்று வாடை வந்தது. அணை கட்டியபின் எங்கள் வீட்டை மூடிய நீரின் அதே வாடை.

நீர் தேங்கியபின் அக்கரைச் சித்தி வீட்டுக்கு, மிளகுக்கொடித் தோட்டங்களும் மரச்சீனிக்கிழங்கு வேகும் முற்றங்களும் கடந்து, காலில் அட்டை கடிக்க, கரையைச் சுற்றி அரைநாள் நடப்போம், அம்மாவும் நானும். ஒரு வளைவில் மட்டும் அம்மா நின்று, தான் மழையில் நனைந்தபடி, ஓலைக்குடையை நீரின் பக்கமாக நீட்டிப் பிடிப்பாள்.

"நம்ம பிலாமூடு இங்கனதான மக்கா?"

நான் தலையாட்டுவேன்.

பல் முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை என்பதால் தம்பியை வீட்டின் பின்புறத்துப் பலாமரத்தின் அடியில்தான் புதைத்திருந்தார்கள். அணைக்காக நிலம் அளக்க வந்தவர்கள் நஷ்டஈட்டுக்குத் தென்னையையும் பலாவையும் எண்ணிக்கொண்டு போனார்கள். அங்கே கிடந்தவனைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

பிறகு இதே பட்டணத்துக்குக் குடிவந்தோம். அந்த அணையின் நீர்தான் தெருக்குழாயில் வந்தது. எல்லோரும் குடித்தார்கள். "எனக்குக் கிணத்துத் தண்ணி மதி, அது போதும்" என்று, சாகும்வரை அம்மா அடுத்த தெருக் கிணற்றில் போய்க் கோரி வந்தாள்.

இன்று டம்ளரை வாய்வரை கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கிணறு உண்டா என்று விடுதிக்காரரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் மண்ணு போட்டுத் தூத்தாச்சு சாரே. பைப்பு வந்தப்பறம் கிணறு எதுக்கு?"