களவெடுக்காத கதை

சுரேகாவின் நாவலை முதலில் கொண்டாடியவள் அர்பாதான். தெஹிவளையிலிருந்து கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, போகிற பெண். வாசித்த புத்தகங்களைப் பற்றி பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தினாள். மாயமும் மந்திரமும் நிறைந்த இளையோர் நாவல்கள் என்றால் அவளுக்கு உயிர். 'உப்புக் கதவு' என்ற அந்த நாவல் வெளிவந்த வாரமே, 'எங்கட துறைமுகம், எங்கட கொட்டாஞ்சேனை, எங்கட தமிழ். இப்படி ஒன்றை நான் வாசித்ததே இல்லை' என்று எழுதினாள். அதைப் பார்த்துத்தான் பலரும் புத்தகத்தை வாங்கினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அதே பக்கத்தில் அவள் இரண்டு புத்தகங்களை அருகருகே விரித்து வைத்துப் படம் போட்டாள். ஒன்று சுரேகாவுடையது. மற்றது, பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் வந்த ஓர் ஆங்கிலத் தொடரின் முதல் பாகம். அதில் ஒரு பையன் பாழுங்கிணறு ஒன்றின் வழியாக மறு உலகத்துக்குப் போகிறான். ஒவ்வொரு முறை போகும்போதும் அவனுடைய மொழியிலிருந்து ஒரு சொல் காணாமல் போகிறது. சுரேகாவின் கதையில் ஒரு சிறுமி, துறைமுகத்துக்கு அடியில் இருக்கும் நகரத்தின் கதவைத் திறக்கிறாள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தமிழ்ச் சொல் அவளை விட்டுப் போய்விடுகிறது.

'எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். அதனால்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை' என்று அர்பா எழுதியிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சுரேகா கோபப்பட்டிருப்பாள். கோபம் எவ்வளவோ மேல்.

அந்த ஆங்கிலப் புத்தகத்தை சுரேகா கண்ணால் கண்டதே கிடையாது.

வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பிரதான வீதியோரம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கோட்டை ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கோச்சி பிடிப்பாள். ஊரெல்லாம் கோட்டைக்கு வருகிற நேரத்தில் இவள் எதிர்ப்பக்கம் போவதால் உட்கார இடம் கிடைக்கும். அந்த இருக்கையில் இருந்துதான் நாவலின் பெரும்பகுதியைக் கைப்பேசியில் எழுதினாள். புருஷன் ரொஷான் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்கு வந்து சொன்ன கப்பல் கதைகளும் அதற்குள் இருந்தன. ஆங்கிலம் அவளுக்குத் தெரியும்தான், கடைக்கு வரும் ஆட்களோடு பேசுகிற அளவுக்கு. தடித்த ஆங்கில நாவலை எடுத்து வைத்து வாசிக்கிற பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை.

படத்துக்குக் கீழே கொமென்ட்கள் குவிந்தன. 'அப்பட்டமான கொப்பி' என்று ஒரு கூட்டம். 'உலகத்தில் புதுக் கதை என்று எது இருக்கிறது? மாயக் கதவு, மறு உலகம், தனியே ஒரு பிள்ளை, எல்லாரும் எல்லாரிடமும் எடுப்பதுதான். எடுத்ததை நம்ம ஊர்க் கதையாக மாற்றினாரே, அதுதான் திறமை' என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தை விட இரண்டாவது கூட்டம்தான் அவளை அதிகம் வருத்தியது. அவளுக்காக வாதாடியவர்கள்கூட அவள் எடுத்தாள் என்பதில் சந்தேகப்படவில்லை. எடுத்தது சரியா பிழையா என்பதுதான் அவர்களுக்குள் சண்டை.

"நான் எடுக்கேல்ல எண்டு ஒருத்தரும் சொல்லேல்லயே" என்றாள் ரொஷானிடம்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், கொஞ்சம் தயங்கினான். "இல்ல, நீ ஒருக்கா யோசிச்சுப் பார். சின்ன வயசில ஆராவது சொல்லிக் கேட்டிருப்பாய். ரிவியில கிவியில படமாப் போயிருக்கும். உனக்கே ஞாபகம் இருக்காது."

"நீங்களுமா?"

"நான் உன்னைக் கள்ளி எண்டு சொல்லேல்ல, சுரேகா. மனுசருக்கு மறதி வாறதுதானே."

வாசித்ததை நிரூபிக்கலாம். வாசிக்காததை எதைக் காட்டி நிரூபிப்பது?

வெள்ளவத்தையில் சின்னப் பதிப்பகம் ஒன்று நடத்திய இராஜநாயகம்தான் அவள் புத்தகத்தைப் போட்டவர். "பிள்ளை, ஒளிச்சுக்கொண்டிருந்தால் ஊர்க்கதை கூடும். ஒரு கூட்டம் வைப்பம். நேரில வந்து சொல்லுங்கோ" என்றார். ஒரு ஞாயிறு பின்னேரம் சிறிய மண்டபமொன்றில் முப்பது நாற்பது பேர் கூடினார்கள். அர்பா தன் பக்கத்தில் அதை நேரலையாகக் காட்டினாள்.

சுரேகா எழுந்து நின்றாள். சொல்லக்கூடாது என்று நினைத்து வைத்திருந்ததை, வேறு வழி தெரியாமல் சொன்னாள்.

அவளுடைய அண்ணன் பிறெடி குடும்பத்தோடு இத்தாலிக்கு, மிலானுக்குப் போனபோது மகள் நிலூஷா வாய் ஓயாமல் தமிழ் கதைக்கிற குழந்தை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் பேசும்போது ஏதாவது ஒரு சொல் குறைந்திருக்கும். ஒரு கிழமை தும்மல் என்ற சொல்லைத் தேடினாள். இன்னொரு கிழமை முந்தநாள் என்ற சொல் இல்லை. பிறகு விக்கல், பிறகு நிழல். ஒரு ஈஸ்டருக்கு, சுரேகாவை மாமி என்று கூப்பிட வாயெடுத்து, சொல் வராமல், இத்தாலியன் சொல்லால் கூப்பிட்டாள். அன்று முழுக்க சுரேகாவுக்கு வேலை ஓடவில்லை. அடுத்த நாள் கோச்சியில்தான் நாவலின் முதல் வரியை எழுதினாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இவ்வளவு நல்ல விஷயம், மிஸ். இதை ஏன் முன்னுரையில எழுதேல்ல?"

"பிள்ளையிட பேரை வெளியில கொண்டுவர விருப்பமில்ல."

"இப்ப கொண்டுவந்திட்டீங்கதானே."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். இராஜநாயகம் அவசரமாக நன்றியுரைக்கு எழும்பினார். அன்றைக்கே அர்பாவின் பக்கத்தில் விவாதம் திசை மாறியது. கதைக்கு இப்படி ஒரு மூலம் இருந்தால் அது சொந்தக் கதைதான் என்றார்கள் சிலர். மாட்டிக்கொண்ட பிறகு கட்டிய கதை என்றார்கள் வேறு சிலர். பிள்ளை மொழி மறந்தது உண்மையாக இருக்கலாம், மறு உலகத்து வாசலும் அதற்கு விலையாகச் சொல் போவதும் ஆங்கிலப் புத்தகத்துடையவைதான் என்றார்கள் இன்னும் சிலர்.

மறுநாள் கடையில் நிற்கும்போது பிறெடி அழைத்தான்.

"தங்கச்சி, நீ என்ன செய்திருக்கிறாய் எண்டு உனக்கு விளங்குதா?"

"அண்ணா, நான் வேணுமெண்டு..."

"இங்க சேர்ச்சில தமிழ்ப் பூசைக்கு வாற சனம் முழுக்கப் பார்த்திட்டுது. பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் குடுக்காத தாய் தகப்பன் எண்டு எங்களைக் கதைக்கினம். நிலூஷாவும் பார்த்தாள், அதில தன்ட பேர் மட்டும் அவளுக்கு விளங்கினது. அறைக்குள்ள பூந்து கதவைச் சாத்தினவள், இன்னும் சாப்பிடேல்ல. உன்ட புத்தகத்தைக் காப்பாத்த என்ட பிள்ளைதானா கிடைச்சாள்?"

"அவளோட ஒருக்கா கதைக்கட்டா?"

"என்ன பாஷையில கதைக்கப் போறாய்?" என்றுவிட்டு அவன் வைத்துவிட்டான்.

சுரேகா கண்ணாடிகள் அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பிறகு அர்பாவுக்கு அழைத்து, கூட்டத்தின் வீடியோவை நீக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"உடனே எடுக்கிறன் அக்கா. ஆனா நிறையப் பேர் ஷெயார் பண்ணிட்டாங்க. அதை என்னால ஒண்டும் செய்ய ஏலா."

"அர்பா, நீங்களாவது நான் சொன்னதை நம்புறீங்களா?"

"நம்புறன். கூட்டத்தில உங்கட முகத்தைப் பார்த்தன், அப்பவே நம்பினன். ஆனா அதை எப்படி அக்கா எழுதுற? முகத்தைப் பார்த்து நம்பினன் எண்டா, உங்கட ஆள் எண்டு என்னையும் சேர்த்துச் சொல்லுவாங்க. ரெண்டு புத்தகமும் ஒரே மாதிரி இருக்கிறது உண்மைதானே. அதை நான் இல்லை எண்டு சொல்ல ஏலாதே."

அந்தப் பெண் மீதும் கோபப்பட முடியவில்லை.

சுரேகா அந்த ஆங்கிலத் தொடரின் இரண்டு பாகங்களையும் வாங்கினாள். தான் எழுத நினைத்திருந்த 'உப்புக் கதவு' இரண்டாம் பாகத்தில் எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்கினாள். கைப்பேசி அகராதியின் உதவியோடு மெதுவாக வாசித்தாள். நல்ல புத்தகம். பையன் தன் தங்கையின் பெயரைத் தேடும் இடத்தில் கண் கலங்கியது. கலங்கியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டாம் பாகத்தின் நடுவில், அவனுக்கு முன்பின் தெரியாத ஆட்கள் தெருவில் ஒவ்வொருவராக வந்து அவன் இழந்த சொற்களைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

சுரேகா புத்தகத்தை மூடினாள். கொட்டாஞ்சேனைச் சந்தியில் மீன்காரியும், ஓட்டோக்காரரும், கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிறவரும் தன் கதைச் சிறுமிக்கு ஆளுக்கொரு சொல்லைத் திருப்பித் தருவார்கள் என்றுதான் அவள் முதல் நாளிலிருந்தே மனதில் வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் முடியாது. வாசித்துத் தெரிந்துகொண்ட பிறகு எழுதினால் இந்த முறை உண்மையாகவே களவு என்றாகிவிடும்.

இப்போதெல்லாம் பிறெடி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பதில்லை. அவள் அழைத்தால் மனைவிதான் எடுப்பாள். "அவர் வேலைக்குப் போயிட்டார், பிள்ளை ரியூஷன்" என்று ஒரே பதில். பேஸ்புக்கில் சனம் வேறொரு புத்தகத்துக்குத் தாவிவிட்டது. இராஜநாயகத்துக்கு மட்டும் சந்தோஷம். சர்ச்சை வந்ததிலிருந்து புத்தகம் கேட்டு ஆட்கள் வருகிறார்களாம்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பதின்மூன்று பதினாலு வயதிருக்கும். சுரேகா கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோது, அந்தப் பிள்ளை அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தது.

"அன்ரி, உப்புக் கதவு எழுதினது நீங்களா?"

"ஓம்."

"நான் அந்த இங்கிலிஷ் புக்கும் வாசிச்சனான். ரெண்டும் ஒரே மாதிரித்தான். ஆனா ரெண்டும் விருப்பம்." பிள்ளை அதை ஒரு குற்றமாகவும் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை. "செக்கண்ட் பார்ட்ல அந்தப் பிள்ளைக்குச் சொல்லெல்லாம் திரும்பக் கிடைக்குமா?"

தாய் சங்கடத்தோடு, "சும்மா இரு மகள், அன்ரிக்கு வேலை இருக்கு" என்றாள்.

"தெரியாது, பிள்ளை" என்றாள் சுரேகா. "எனக்கே தெரியாது."

"நீங்கதானே எழுதுறீங்க?"

சுரேகா கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் கம்பியைச் சூடுகாட்டி மெல்ல வளைத்தாள். மறுபடி பிள்ளையின் முகத்தில் வைத்து, தலையைக் குனியச் சொன்னாள். நழுவவில்லை. எதிர்ச் சுவர் அட்டையில் இருக்கும் தமிழ் எழுத்துகளில் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டாள். பிள்ளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தது.