வால் துடித்த விமானமும் ஒரு சிட்டிகைப் பஞ்சும்

சங்கரபாண்டி அண்ணாச்சி காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு லாரி டிரைவர். பழுதுபார்க்கக் கொடுத்திருந்த டிரான்சிஸ்டரை வாங்க என் கடைக்கு வந்தவர், அதைக் காதோரம் வைத்துத் திருகிக்கொண்டே, "மெக்கானிக்கு, ஒங்க பிளேன் அண்ணாச்சி போயிட்டாகளாம். காலைல கமிஷன் கடையில நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாகளாம், அம்புட்டுத்தான்" என்றார். பற்றவைப்புக் கோலை அணைத்துவிட்டு நான் கிளம்பினேன். நாற்பத்தாறு வயது. சாகிற வயதா என்று துக்க வீட்டில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கேட்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அருப்புக்கோட்டையில் அவரை அறிந்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கட்டைவிரல்களுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தே அது எந்த ரகம், எந்த மண் என்று சொல்லிவிடுவார். மற்றது, பருத்தி வியாபாரத்தைப் பார்க்காமல் விளையாட்டு விமானம் விட்டுத் திரிந்தார். இரண்டாவதை ஊர் சிரித்துக்கொண்டே சொல்லும். அந்த விமானத்துக்கு ரேடியோ வேலை பார்த்தவன் நான். எனவே அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு.

பினாங்கில் இருந்த அவருடைய மைத்துனர் ஊருக்கு வந்தபோது ஒரு ரேடியோ செட் கொண்டுவந்தார். தரையில் நிற்பவர் கையில் குச்சி வைத்த ஒரு பெட்டி. விமானத்துக்குள் ஒரு ரிசீவர். அதனுடன் இணைந்த மூன்று சிறிய மோட்டார் பெட்டிகள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. அவற்றுக்குச் செர்வோ என்று பெயர். கீழே நாம் குச்சியை எவ்வளவு அசைக்கிறோமோ, மேலே செர்வோவும் அவ்வளவே அசைந்து விமானத்தின் வாலைத் திருப்பும். அண்ணாச்சி கல்யாண முருங்கைக் கட்டையை இழைத்து, மூங்கில் சிம்பு கட்டி, வேட்டித் துணி போர்த்தி வார்னிஷ் அடித்து, எட்டடி இறக்கையில் ஒரு விமானத்தைச் செய்து முடித்தார். "சின்னதாச் செய்யலாமே அண்ணாச்சி" என்றேன். "சின்னதைக் கொக்கு தூக்கிட்டுப் போயிரும்யா" என்றார்.

எஞ்சின் ஓடினால் விமானம் முழுக்க அதிரும். அதிர்வு தாங்க ரிசீவரைச் சுற்றி மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும் என்று செட்டுடன் வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் ரப்பர் தேடலாம் என்றேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "பருத்திக்காரன் செய்யிற பிளேன்ல ரப்பரா? நல்லாருக்குய்யா ஞாயம்!" என்று சொல்லி, கடையிலிருந்து முதல்தரக் கருங்கண்ணி ரகப் பஞ்சு ஒரு கூடை வரவழைத்தார். ரிசீவரைச் சுற்றியும் செர்வோக்களுக்கு இடையிலும் இடுக்கு விடாமல் பஞ்சை அடைத்தோம். பிள்ளைக்குத் தொட்டில் கட்டியதுபோல இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னதாக நினைவு.

ஓட்டம் பார்த்தபோதுதான் தொல்லை தொடங்கியது. எஞ்சினை அணைத்திருந்தால் வால் சொன்னபடி கேட்கும். எஞ்சின் ஓடினால், குச்சியைத் தொடாமலே வால் மடல் படபடவென்று துடிக்கும். நான் பேட்டரியை மாற்றினேன். கம்பியோடு கம்பி உரசினால் ரேடியோவில் இரைச்சல் கிளம்பும் என்பதால் இணைப்புகளில் நைலான் துண்டுகள் வைத்தேன். ஏரியலைத் தள்ளிக் கட்டினேன். ஊரில் விசைத்தறி மோட்டார்கள் பொறி பறக்க ஓடுவதுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றியதால், விமானத்தை வேனில் ஏற்றிக்கொண்டு திருச்சுழிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குப் போனோம். தறியும் இல்லை, கரண்டுக் கம்பியும் இல்லை. அங்கே துடிப்பு குறைந்தது. நிற்கவில்லை.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எம்.ரெட்டியபட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கரை நெடுக நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் புத்தி மழுங்கிவிட்டது. விமானம் தரையை விட்டு எழும்பியது; இரண்டு பனை உயரம் போயிருக்கும். வால் துடித்தது; விமானம் மூக்கைக் கீழே போட்டுக் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர், "வயரு மாட்டுனது யாருப்பா?" என்று கேட்டார். பத்துப் பேர் என்னைக் காட்டினார்கள்.

அந்தக் கேள்வி எனக்கு முன்னால் டவுனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது என் பிழைப்பு பஞ்சாயத்து ரேடியோக்களில் ஓடிக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரக் கிராமங்களின் பொது ரேடியோக்கள் எல்லாம் யூனியன் ஆபீஸ் மூலமாக என் கடைக்குத்தான் வரும். விமானம் விழுந்த மறுவாரமே ஆபீஸ் கிளார்க் வந்து மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிளேனையே போட்டு ஒடைச்சிட்டீரு, ரேடியோவை என்ன செய்வீரோ" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். இல்லை. அந்த வாரம் எந்த ரேடியோவும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

எனக்கும் அண்ணாச்சிக்கும் சண்டை மூண்டது இதற்குப் பிறகுதான். அவர் உடைந்ததை ஒட்டி மறுபடி விமானத்தை நிற்க வைத்துவிட்டார். வாலும் மறுபடி துடித்தது. "ஒம்ம பத்தவைப்புத்தான் சரியில்ல" என்றார். "ஒங்க மச்சான் கொண்டாந்த செட்டு சரியில்ல" என்றேன். "அப்ப அந்தச் செர்வோவைத் தொறந்து பாருமே" என்றார். முடியாது என்றேன். சீமைச் சாமான், திறந்தால் தீர்ந்தது, மாற்றுக்குப் பினாங்குக்கா போவது? இப்படிக் காரணம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். ஏற்கெனவே ஒன்றைக் கெடுத்தவன் என்று பேர். இன்னொன்றையும் கெடுத்தால் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் கிளார்க் என் கடையில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் மிச்சமிருந்த நான்கு பஞ்சாயத்து ரேடியோக்களையும் விருதுநகர் கடைக்கு மாற்றத் திரும்ப எடுத்துப் போக வந்திருந்தார். நான் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணாச்சி உள்ளே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மேஜை மேல் மூன்று செர்வோக்களையும் வைத்தார். மூன்றும் திறந்து கிடந்தன. கடிகாரக்காரரிடம் சிறு திருப்புளி வாங்கித் தானே திறந்திருக்கிறார்.

செர்வோவுக்குள் வளைந்த ஒரு கரித்தடமும் அதன் மேல் வழுக்கிச் செல்லும் மெல்லிய தகடும் இருக்கும். வால் எங்கே நிற்கிறது என்று செர்வோவுக்குத் தெரிவிப்பது அதுதான். அடியில் ஏதாவது சிக்கி, எஞ்சின் அதிர்வில் அந்தத் தகடு எழும்பி எழும்பி விழுந்தால் செர்வோ குழம்பித் துடிக்கும். அண்ணாச்சி ஒரு காகிதத்தைப் பிரித்தார். அந்தத் தகடுகளுக்கு அடியிலிருந்து எடுத்தது, மூன்றிலுமாகச் சேர்த்து ஒரு சிட்டிகைப் பஞ்சு.

கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டு, என் கடையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிப் பட்டறையைக் கையால் காட்டினார். "பார்த்தீகளா, தறித் தூசி. இந்த மேசையில வச்சு வேலை செஞ்சா வேற என்ன வரும்?" என்றார். துடைத்துக்கொண்டிருந்த ரேடியோவைக் கீழே வைத்தேன்.

அண்ணாச்சி அந்தச் சிட்டிகையைக் கட்டைவிரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்தார். பிரிந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறுபடி இழுத்தார். கடையில் தரம் பார்க்கும்போது எவ்வளவு நிதானமோ அவ்வளவு நிதானம். "தறித் தூசின்னா கஞ்சி ஏறி மொடமொடன்னு அத்துப் போகும். இது இழுபடுது பாருங்க. இது கருங்கண்ணி. அதுவும் என் கடைச் சரக்கு. பிளேனை விழத்தாட்டுனது என் பஞ்சுய்யா. மெக்கானிக்கு வேலையில கொறை இல்ல" என்றார்.

கிளார்க் எழுந்தார். பிறகு, "சரி, ரேடியோ இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிச் சொன்னதன் விலையை அண்ணாச்சி வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார். சந்தையில் அவர் சரக்கை யாராவது தட்டிக்கழிக்க நினைத்தால், "பிளேனை விழத்தாட்டுன பஞ்சுதான?" என்பார்கள். அவர் சிரிப்பார். "ஆமாய்யா, பறக்கிறதுக்கு ஆகாது. வேட்டிக்கு ஆகும்" என்பார். நான் பக்கத்தில் இருந்தபோதும் இதைச் சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

செர்வோக்களைத் துடைத்து மூடினோம். அண்ணாச்சி புதிதாக வாங்கிய ஹவாய் செருப்பை வெட்டி, பஞ்சுக்குப் பதில் அந்த ரப்பரை வைத்தார். அதே கண்மாயில் விமானம் ஏறியது. வால் அசையாமல் நின்றது. வீரசோழன் போகிற பஸ் நின்று, ஆட்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெறுங்காலோடு முள்ளில் நின்றுகொண்டு அண்ணாச்சி குச்சியைப் பிடித்திருந்தார். நன்றாக இருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

அந்தச் சிட்டிகைப் பஞ்சு என்னிடம்தான் இருக்கிறது. அன்று அவர் மேஜையிலேயே விட்டுப் போனதை அதே காகிதத்தில் மடித்து வைத்தேன். துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் பிரித்துப் பார்த்தேன்.

'பஞ்சை அடைத்தோம்' என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. அண்ணாச்சி கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். திருப்புளி முனையால் குத்திக் குத்தி, செர்வோவில் கம்பி நுழையும் ஓட்டைக்குள் போகுமளவுக்குப் பஞ்சைத் திணித்தது நான். "போதும்யா, ரொம்பத் திணிக்காதீரும்" என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது. அன்று கிளார்க் முன்னால் அவர் 'என் பஞ்சு' என்று மட்டும்தான் சொன்னார். யார் கை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அண்ணாச்சியின் பஞ்சில் ஒரு குறையும் இல்லை.