திறக்காத தண்ணீர் பாட்டில்

திருச்சுழிப் பக்கம் ஒரு ஊர்த் தேரோட்டம். பந்தோபஸ்துக்கு வந்த போலீசாருக்கான மருத்துவ முகாமில் நான் நர்ஸ். உச்சிவெயிலில் மயங்கி விழுந்த ஒரு பெண் போலீசைத் தூக்கி வந்தார்கள். காலையில் நான் கொடுத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே அவள் பையில் இருந்தது.

அவள் கண் விழித்ததும், "குடிக்கத்தானம்மா குடுத்தேன்? ஒனக்கே அக்கறை இல்லேன்னா நாங்க என்ன செய்ய?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"குடிச்சா எங்க போறதுக்கா?" என்றாள் மெதுவாக. "காலையிலயே ஒங்க கக்கூஸக் கேட்டேன். நர்சுகளுக்கு மட்டுந்தான்னு சொல்லிட்டீக."

அந்தக் கக்கூஸ் சாவி அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது.

பிறகு எத்தனையோ முகாம்களுக்குப் போய்விட்டேன். இன்றும் யாரிடமாவது "நல்லாத் தண்ணி குடிங்க" என்று சொல்ல வந்தால் நாக்கூசுகிறது.