அடித்தால் ஓடும் லேப்டாப்

ஆரணி பஜாரில், லேப்டாப் ரிப்பேர் கடையில், நான் ஒரே ஒருமுறை பார்த்த பட்டு வியாபாரி அவர். மின்தறி மக்கர் செய்தால் ஓங்கித் தட்டுகிற பழக்கத்தில், நின்றுபோன லேப்டாப்பையும் மேஜையில் வைத்து அறைந்துகொண்டிருந்தார். மூடி பிளந்து, அவர் விரல் கிழிந்து, கீபோர்டெல்லாம் ரத்தம். பக்கத்தில் அவர் மனைவி தலைகுனிந்து நின்றிருந்தாள்.

“அடிக்காதீங்கண்ணா! ஹார்ட் டிஸ்க் போயிடும்,” என்றார் மெக்கானிக்.

வியாபாரி மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “அடிச்சாதான்டா ஓடும்! வருஷக்கணக்கா அடிச்சிகினுதான் இருக்கேன்!”

“ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா புதுசா எஸ்.எஸ்.டி. போட்டுடறேங்க. ஜல்தியா ஓடும். இனிமே அடிக்கவே வேணாம்.”

பிடி தளர்ந்தது. “அப்போ கோவம் வந்தா எதை அடிக்கிறது?”

“பழசே இருக்கட்டும் தம்பி,” என்றாள் மனைவி, அவசரமாக.

வியாபாரி சிரித்தார். கடையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.