சுத்தமாக வந்த படம்

நெரெய்டா வேண்டிக்கொண்டது மட்டும் வெளியே தெரிந்திருந்தால், எங்கள் தெருவே அவளைக் காறித் துப்பியிருக்கும். புருஷனின் தலைக்குள் நீர் கோத்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினாள் அவள்.

அவள் புருஷன் எவரிஸ்தோவைத் தெரியாதவர்கள் எங்கள் பராஓனா ஊரில் குறைவு. மோட்டார் சைக்கிளின் பின்னால் கூலிக்கு ஆளை ஏற்றி ஊரெல்லாம் ஓட்டிய மனிதன். வாய் சும்மா இருக்காது. தெருவில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தது அவன்தான். குட்டையான பாதிரியார் 'அரைப்படி'. தெருவுக்கே கேட்கப் பேசும் சொந்த அக்கா ஒஃபேலியா 'சங்கு'. அவனைப் பார்த்துக்கொண்டே வாழைக்காயைக் கருக்கிய நெரெய்டா, கல்யாணத்துக்கு முந்தியே 'தீஞ்ச காய்' ஆகிவிட்டாள். பதினோரு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டான். அவள் கரண்டியை வீசுவாள், அவன் குனிவான், தெரு சிரிக்கும். அவன் அப்படிக் கூப்பிடாத நாளில்தான் 'என்ன கோபமோ' என்று இவள் அவன் பின்னாலேயே சுற்றுவாள்.

ஹெல்மெட் இருந்தது, இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல முழங்கையில் மாட்டியிருந்தான். போலீஸைக் கண்டால்தான் அது தலைக்கு ஏறும். மூஞ்சியை மூடிக்கொண்டு போனால் வழியில் போகிறவனை எப்படிக் கிண்டல் செய்வதாம்? பாவி மனுஷன்! கரும்பு லாரி உரசியபோது முழங்கை பத்திரமாக இருந்தது.

தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து, கட்டிய ரத்தத்தை எடுத்து, எலும்பை வைத்து மூடினார்கள். பிழைத்தான். சாப்பிட்டான், நடந்தான். ஆனால் கண் விழித்தவன் வேறு ஆள். கல்யாணம், வீடு, பதினோரு வருஷம் எல்லாம் துடைத்துப் போயிருந்தன. இவள்தான் உன் பெண்டாட்டி என்று சொன்னால் தலையாட்டுவான், மறுநாள் மறப்பான்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா? சிரமம் இல்லைன்னா," என்று அவளிடமே கேட்பான்.

அக்காவுக்கு அதில் பெருமை வேறு. "முன்ன வாயத் தொறந்தாலே நக்கல். இப்ப பாரு, எவ்ளோ மரியாத! உனக்கு என்னடி குறை?" என்பாள் ஒஃபேலியா. நெரெய்டா அடுப்படிக்குப் போய்த் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள்.

மூன்றாம் மாத ஸ்கேனின்போது டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். இப்படி ஆபரேஷன் ஆன சிலருக்கு மூளையில் நீர் சேரும், எல்லாம் மறந்து மந்தமாகிவிடுவார்கள். குழாய் வைத்து வடித்தால் சிலர் பழையபடி தேறி வருவதும் உண்டு. அடுத்த படத்தில் பார்ப்போம் என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நெரெய்டா மூன்று மாதம் உயிரோடு இருந்தாள். ஒஃபேலியா நல்ல படம் வரவேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அதே மாதாவின் முன்னால் இவள் கெட்ட படம் கேட்டு ஏற்றுவாள்.

ஆறாம் மாதம் பஸ் ஏறினார்கள். ஜன்னல் ஓர இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்து, "நீங்க எங்கங்க எறங்கணும்?" என்று கேட்டான்.

"நீ எறங்குற எடத்துலதான்," என்றாள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டரம்மா படத்தைத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சுத்தமா இருக்கு. ரத்தம் இல்ல, வீக்கம் இல்ல, எலும்பும் நல்லா சேர்ந்திருக்கு."

"நீரு?"

"துளிகூட இல்ல."

"இன்னொரு தடவ பாருங்க டாக்டர். ஒரு ஓரத்துல, கொஞ்சமாவது..."

டாக்டரம்மா சிரித்தாள். "என்னம்மா நீங்க, நோய் இல்லன்னு சண்டைக்கு வர்றீங்க?"

"நீர் இருந்தா எடுப்பீங்கல்ல? எடுத்தா அவரு திரும்பி வருவாருல்ல?" நெரெய்டாவின் குரல் உடைந்தது. "இல்லன்னா எதை எடுப்பீங்க?"

சிரிப்பு நின்றது. டாக்டரம்மா திரையை அணைத்தாள். "எடுக்க ஒண்ணுமில்லம்மா. ஆறவேண்டியது ஆறிடுச்சு. இதுக்கு மேல பெருசா மாறும்னு நான் சொல்ல முடியாது. இனி ஸ்கேனும் வேண்டாம்." சீட்டில் அடுத்த தேதி எழுதும் இடத்தில் கோடு போட்டாள்.

ஊர் திரும்பியதும் தெருமுனையிலேயே ஒஃபேலியா படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். வெயிலில் தூக்கிப் பிடித்து ஆளாளுக்குப் பார்த்தார்கள். என்ன தெரிந்ததோ, எல்லோரும் "ஆகா" என்றார்கள். அண்டா நிறைய ஏழு வகைக் கறி போட்டுச் சான்கோச்சோ சூப் கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரன் பாட்டை அலறவிட்டான். "மாதா என் வேண்டுதலக் கேட்டுட்டாடி!" என்று ஒஃபேலியா அவளைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். நெரெய்டா எப்படியோ சிரித்து வைத்து, கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அழுகை நிற்கவேயில்லை.

எவரிஸ்தோ ஒரு கிண்ணம் சூப்போடு வந்து நின்றான். அவள் அழுவதைப் பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

அவள் அவன் கண்ணையே பார்த்தாள். அதில் இரக்கம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஆமா," என்றாள்.

"நெருங்குன சொந்தமா?"

"ரொம்ப."

கிண்ணத்தைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்று தலை குனிந்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, துக்கவீட்டில் நாங்கள் உட்காருவதைப்போல, ஒன்றும் பேசாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.