பாக்கெட்டில் பழகிய மூடிகள்

முன்னறையிலிருந்து சத்தம் வந்தது. டொக். சற்று விட்டு இன்னொரு டொக். பிறகு எதுவோ தரையில் விழுந்து, உருண்டு, வட்டமடித்து, தள்ளாடி, படபடவென்று அடங்கியது.

குளியலறையில் முகம் நிறையச் சோப்பு நுரையோடு நின்றிருந்த பிடிக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இருபத்தெட்டு எம்.எம். மூடி. பிளாஸ்டிக். ஓரத்துல கோடு போட்டது. வந்திருக்கிறது தேன்காரம்மா."

"வந்து கால் மணி நேரம் ஆச்சு," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "அவங்க மூஞ்சி எப்படி இருக்குன்னும் கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுங்க பாப்போம்."

பிடிக்காரர் முகத்தைக் கழுவினார். வழக்கத்தைவிட நிதானமாகக் கழுவினார். காதோரம் நுரை மிச்சமிருந்தது அவருக்குத் தெரியாது.

பாட்டில் நிரப்பும் பட்டறைகளில் மூடி போடுகிற மெஷின் ஒன்று இருக்கும். அதன் தலையில், மூடியைக் கவ்விப் பிடித்துத் திருகுவதற்கென்று குட்டிக் கிண்ணம் போல ஒன்று. அதைச் 'சக்' என்பார்கள். எந்த மூடிக்கு எந்தச் சக் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதும், அதை மாட்டிவிட்டு வருவதும்தான் இருபத்திரண்டு வருடமாக இவருடைய பிழைப்பு. அழுத்திப் பிடித்தால் மூடியில் கீறல் விழும். தளர்த்திப் பிடித்தால் சக் சுற்றும், மூடி சும்மா நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு முடி இழைதான் இடைவெளி. அந்தச் சரியான பிடியைக் கண்டுபிடிப்பதால்தான் பிடிக்காரர் என்ற பேர். "என் தலையில இருந்ததையெல்லாம் அந்த ஒரு இழைக்குத்தான் குடுத்தேன்," என்று வழுக்கையைத் தடவிக்கொள்வார்.

அவரை யாரும் கேலி செய்ய முடியாது. அதற்குள் அவரே செய்து முடித்திருப்பார். இடுப்புக்கும் பேன்ட்டுக்கும் இன்னும் சரியான பிடி கிடைக்கவில்லை என்பார். புதிய வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்தால், சர்க்கரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அவர்கள் எதிரிலேயே திறக்கப் பார்த்துத் தோற்று, மனைவியிடம் நீட்டுவார். "ஊருக்கெல்லாம் மூடி இறுக்கிக் குடுக்கறவன் நான். ஒரு மூடியத் திறக்கத் துப்பில்ல. இந்த வீட்டுல எனக்குச் சர்க்கரை கிடைக்கிறதே இவ தயவுலதான்." வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் தொழிலில் தப்பு என்ற பேச்சு எழுந்ததோ, அந்தச் சிரிப்பெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். பாட்டில் கழுத்து கோணல், மூடி மட்டம், மெஷின் ஓட்டுகிறவர் தூக்கக் கலக்கம் என்று காரணங்கள் பட்டாளம் போல அணிவகுத்து வரும். "உங்க கிண்டல் ஒரு குடைங்க," என்று மனைவி ஒருமுறை சொன்னாள். "மழை வர்றதுக்கு முன்னாடியே விரிச்சுடறீங்க. ஒரு சொட்டு மேல பட்டுடக் கூடாது." அதற்கும் ஒரு கிண்டல் சொல்லிவிட்டுத்தான் அவர் நகர்ந்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அவரிடம் இருந்த சட்டைகள் ஐந்து. ஐந்திலும் பாக்கெட் மட்டும் பை போலத் தொங்கும். எந்தப் பட்டறையின் வேலை கையில் இருக்கிறதோ, அந்தப் பட்டறையின் மூடி ஆறு அதில் கிடக்கும். நடக்கும்போது, பேருந்தில், சாப்பாட்டு மேசையில், யார் வீட்டிலாவது துக்கம் விசாரிக்கும்போதுகூட விரல்கள் உள்ளே போய் அவற்றை உருட்டிக்கொண்டே இருக்கும். கேட்டால், "மூடியோட பழகணும்," என்பார். "பொண்ணோட குணம் தெரியாம மாப்பிள்ளை பாத்துட முடியுமா?"

மாப்பிள்ளைகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தார்கள். உள்ளே சிவப்பு ரப்பர் வளையம் வைத்த சக்குக்கு அவர் வைத்த பெயர் சாது. கறுப்பு ரப்பர், கோபக்காரன். ரப்பரே இல்லாமல் உட்புறம் முழுக்கப் பல்பல்லாக வரி ஓடியது, முரடன். தேன்காரம்மாவின் மூடிகள் பதினோரு நாள் அவர் பாக்கெட்டில் குடியிருந்தன. பன்னிரண்டாம் நாள், "இது மென்மையான பொண்ணு. சாதுதான் சரி," என்று தீர்ப்பாகிவிட்டது. சாது போய் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. அதற்கப்புறம் புது வேலை வராததால் அந்த ஆறு மூடிகளும் இன்னும் பாக்கெட்டிலேயே கிடந்தன.

அவர் முன்னறைக்கு வந்தபோது மேசைமேல் ஏழு தேன் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவற்றை டொக் டொக்கென்று வைத்துவிட்டு, தரையில் ஓடிய மூடியை எடுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் தேன்காரம்மா. நாற்பது வயதுக்குள் இருக்கும். நாத்தனாரோடு சேர்ந்து, கார் நிறுத்தும் அறை ஒன்றில் தேன் நிரப்பிப் பிழைக்கிறவள். எதிரில் சர்க்கரை டப்பா திறக்காமல் கிடந்தது.

"வாங்க வாங்க. நான் முகம் கழுவ ஆரம்பிச்சா எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. நெத்தி எங்க முடியுதுன்னே எனக்கு..." என்று வழுக்கையைத் தொட்டுக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். கழுத்தடியில் தேன் கசிந்து உறைந்திருந்தது. அதில் நான்கைந்து எறும்புகள் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன.

பிடிக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தியது. இருபத்திரண்டு வருட உழைப்பு, பேர், மரியாதை எல்லாம் கண்முன் ஓட, மாரடைப்பேதான் என்று நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பாக்கெட்டில் மூடி.

"கடைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணே," என்றாள். "அலமாரியெல்லாம் எறும்பாம். மூடி போட்டது மாதிரியே இருக்கு, தொட்டா சுத்துது. நாளைக்குப் பத்து மணிக்கு அடுத்த லாரி. அதுலயும் ஒண்ணு ஒழுகினா இனிமே எங்க தேன் அங்க நிக்காது. அந்த ஒரு கடையை நம்பித்தான் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."

"பாட்டில் கழுத்து..."

"அளந்துட்டேன்."

"மெஷின் ஓட்டறவங்க..."

"என் நாத்தனார்தான் ஓட்டறா. தூங்கல."

"சரிதான். நான் ஒரு ஓட்டை டப்பா, எங்கிட்ட வந்து மூடி கேட்டா இப்படித்தான்..."

"அண்ணே." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. "நீங்க உங்களப் பத்தி சொல்றதெல்லாம் நல்லா சிரிப்பாத்தான் இருக்கு. என் பாட்டில் ஏன் ஒழுகுது? அத மட்டும் சொல்லுங்க."

குடையைக் கையிலிருந்து பிடுங்கியது போல இருந்தது அவருக்கு. தகரப் பெட்டியைத் திறந்தார். சாப்பாட்டு மேசை ஓரத்தில் ஒரு கைச்சுற்றுக் கருவியை நிரந்தரமாகத் திருகி வைத்திருப்பார். மெஷினின் தலை மட்டும் போல இருக்கும் அது. அவளுக்குக் கொடுத்த சாதுவின் ஜோடியை அதில் மாட்டினார். ஒரு பாட்டிலை நிறுத்தி, பாக்கெட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்து வைத்துச் சுற்றினார். கிர்ர்... டக். கல் போல இறுகியது.

"பாத்தீங்களா?" என்றார். குரலில் பழைய தெம்பு.

"அன்னைக்கு எங்க இடத்துல போட்டுக் காட்டினப்பவும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் அவள். கொண்டுவந்திருந்த புது மூடிப் பையின் ஓரத்தைக் கிழித்து ஒன்றை எடுத்தாள். "இதப் போடுங்க."

போட்டார். சுற்றினார். கிர்ர்ர்ர்ர்... டக் வரவே இல்லை. சாது சுற்றிக்கொண்டே இருந்தது. மூடி, கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்த மனைவி போல அசையாமல் கிடந்தது.

இன்னொன்று. அதுவும் அப்படியே. திரும்பவும் பாக்கெட் மூடி. டக். திரும்பவும் பை மூடி. கிர்ர்ர்ர்.

"அப்ப கோளாறு மூடியிலதான்," என்று தேன்காரம்மா எழுந்தாள். "மூடி செஞ்சு தர்றவர் நல்ல மூடிய மாதிரிக்குக் குடுத்துட்டு, அப்புறம் மட்டமா அடிச்சு அனுப்பறார். பெரியவர், ஒத்தை மெஷினை வெச்சுக் கஷ்டப்படறார்னு பாத்தேன். இப்பவே சொல்லிடறேன், இனிமே உங்க மூடி வேண்டாம்னு." கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

பிடிக்காரர் கையில் இரண்டு மூடிகள் இருந்தன. வலது கையில் பாக்கெட் மூடி, இடது கையில் பை மூடி. இரண்டின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவினார். இடது கை மூடியில், ஈரச் சோப்பை ஒற்றியெடுத்தது போல லேசான வழவழப்பு. வலது கை மூடியில் அது இல்லை. மேற்பூச்சு தேய்ந்து, சுத்தமாக, சொரசொரவென்று விரலில் பிடித்தது.

புரிந்துவிட்டது. முழுக்கப் புரிந்துவிட்டது.

சும்மா இருந்தால் போதும். அவளே காரணம் கண்டுபிடித்துவிட்டாள். 'அடடா, காலம் கெட்டுப்போச்சு' என்று ஒரு பெருமூச்சு விட்டால் விஷயம் முடிந்தது. எங்கோ ஒரு பெரியவர் தன் ஒற்றை மெஷினுக்கு முன்னால் நின்று, தான் செய்யாத தப்புக்காக விழிப்பார். இவர் பேர் இவரிடம் பத்திரமாக இருக்கும். அவள் போனில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு.

"வெச்சுடுங்கம்மா," என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போனை வெச்சுடுங்க. மூடி நல்ல மூடி. உங்க பாட்டிலும் நல்ல பாட்டில். தப்பு என்னுது."

சமையலறை வாசலில் டீத் தட்டோடு மனைவி நின்றுவிட்டாள். அடுத்து ஒரு கிண்டல் வர வேண்டும். காத்திருந்தாள். வரவில்லை.

"புதுசா அடிச்ச மூடி அச்சுல ஒட்டிக்காம வரணும்ல? அதுக்காக மேல ஒரு வழவழப்பு இருக்கும். பால் ஏடு மாதிரி. உங்க மூடிய நான் பதினோரு நாள் பாக்கெட்டுல போட்டு உருட்டிக்கிட்டே இருந்தேன். அந்த ஏடு தேய்ஞ்சு போச்சு. தேய்ஞ்ச மூடிய வெச்சுத்தான் சக் பாத்தேன். உங்க இடத்துல போட்டுக் காட்டினதும் அதே ஆறு மூடிதான்."

"ஒருநாள் துணி துவைக்கிற மெஷினுக்கும் போயிட்டு வந்துச்சு," என்றாள் மனைவி மெதுவாக. "ஆறும் சட்டையோட சேர்ந்து சோப்புல குளிச்சுது. நான்தான் காயவெச்சுக் குடுத்தேன்."

தேன்காரம்மா போனை மேசைமேல் வைத்தாள். "அப்ப நீங்க மாப்பிள்ளை பாத்தது என் மூடிக்கு இல்ல. உங்க மூடிக்கு."

"ஆமா."

"அத மூணு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"மூணு வாரம் முன்னாடி எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தாலும்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

தகரப் பெட்டியின் அடியிலிருந்து முரடன் வெளியே வந்தான். ரப்பரின் உரசலை நம்புகிற ஜாதி அல்ல அவன். மூடி ஓரத்துக் கோடுகளுக்கு நடுவே அவன் பல்வரிகள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே எத்தனை வழவழப்பு இருந்தாலும் நழுவ வழியில்லை. ஒரே பயம் கீறல். அதற்காக மேலிருந்து அழுத்துகிற ஸ்பிரிங்கை அரைச்சுற்று தளர்த்தினார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே போடு," என்றார் மனைவியிடம். "பைலேருந்து நேரா பாட்டில்ல. நான் தொட மாட்டேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு கரண்டியால் மூடிகளை அள்ளி வைத்தாள். தேன்காரம்மாவே கைப்பிடியைச் சுற்றினாள். டக். டக். டக். ஏழு பாட்டில்களும் முடிந்ததும், கழற்றித் தள்ளிவிட்டு, புது மூடியோடு மறுபடி ஏழு. ஒவ்வொன்றின் ஓரத்தையும் அவள் நகத்தால் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. கடைசி பாட்டிலைக் கையில் எடுத்துத் திறக்க முயன்றாள். முகம் சிவந்தது. பல்லைக் கடித்தாள். பிறகுதான் படக்கென்று திறந்தது.

"இது இறுக்கம்," என்றாள்.

"காலையில ஆறு மணிக்கு வந்து மாட்டிடறேன். லாரி கிளம்பற வரைக்கும் அங்கயே நிப்பேன். ஒவ்வொரு பாட்டிலா நானே கையால பாத்து ஏத்தறேன்."

"ஆறு வேண்டாம். அஞ்சரை. அறுநூறு பாட்டில் இருக்கு."

"அஞ்சரை."

அவள் பாட்டில்களைப் பையில் அடுக்கினாள். சர்க்கரை டப்பாவை எடுத்து ஒரே திருகில் திறந்து, மனைவி நீட்டிய ஆறிய டீயில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, நின்றபடியே குடித்தாள். திறந்த டப்பாவைப் பிடிக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பினாள்.

"மீதி மூடிப் பை மேசையில இருக்கு அண்ணே. காலையில எடுத்துட்டு வாங்க." ஒரு கணம் அவர் சட்டையைப் பார்த்தாள். "பையோடயே எடுத்துட்டு வாங்க."

அன்றைக்கு முதல்முறையாக அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, இல்லையா என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் படியிறங்கிவிட்டாள். மனைவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்தபோது, கணவனின் கை அந்தப் பைக்குள் போய் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு நெஞ்சுவரை வந்துவிட்டிருந்தது. காதோரம் காய்ந்திருந்த நுரையை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அவர் மூடியைத் திரும்பப் பையில் போட்டார். சட்டையைக் கழற்றி மடியில் விரித்தார். அவளுடைய தையல் டப்பாவை எடுத்து வந்து, மூன்றுமுறை குறிதவறி நான்காவது தடவை ஊசியில் நூலைக் கோத்து, பாக்கெட்டின் வாயைச் சேர்த்துப் பிடித்து முதல் தையலைப் போட்டார். பிறகு, பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.