வாங்குவோர் வரிசையில் பிள்ளையார்

கட்டிங் மேசையின் நீளத்துக்கு விரித்துப் போட்ட வெள்ளைத் தாள்தான், எங்கள் சிஸ்டம்ஸ் மேடத்தை நினைத்ததும் எனக்கு முதலில் கண்ணில் நிற்கிறது. துணி அடுக்கின் மேல் பரப்பி, பனியனின் கை, கழுத்து, உடல் எல்லாவற்றின் கோடுகளையும் பார்த்து வெட்டுவதற்கான தாள் அது. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவியான அவர் அதில் கம்பெனியையே வரைந்தார். தன் தாள் தீர்ந்துபோகிறதே என்று கட்டிங் மாஸ்டருக்கு வயிறு எரியும். "அப்பறம் நான் எதுலீங்க மேடம் வெட்டறது?" என்று கேட்டுக்கொண்டே நிற்பார். மேடம் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வீரபாண்டியில் எங்கள் ஏற்றுமதிக் கம்பெனி ஒரு பழைய மென்பொருளை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதை எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அது எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தொட்டால் நின்றுவிடும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை புதியதற்கு மாறப்போய்ப் பாதியில் கைவிட்டிருந்தோம். இரண்டாம் முறை முதலாளி மேடத்தைக் கூப்பிட்டு, "தீவாளி லீவுல மாத்திப் போடுங்க. லீவு முடிஞ்சு திறக்கறப்ப கட்டிங் ஓடோணும். ஓடலீன்னா பழசுக்கே போயிரலாமுங்க, இந்த டிபார்ட்மெண்டையும் வெளியாளுகளுக்குக் குடுத்துரலாம்" என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் இருந்தவர் மேடம். மகனின் கல்லூரிப் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. அவர் கீழ் இருந்த எங்கள் வேலையும் அதே நூலில்தான் தொங்கியது.

மென்பொருள்காரர்கள் படம் போட யூ.எம்.எல். என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெட்டி, உறவுக்கு ஒரு கோடு, மனிதருக்குக் குச்சி உருவம். நான் அதைப் பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்தவள். கோப்புக்கு அழகு சேர்க்கும் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். மேடம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைத் துணி பின்னும் நிட்டிங்குக்கும், சாயப்பட்டறைக்கும், மண்ணரையில் இருந்த தையல் யூனிட்டுக்கும் இழுத்துக்கொண்டு அலைந்தார். நூல் எந்த வாசலில் நுழைகிறது, துணி யார் கைக்கு மாறுகிறது, அந்த நேரத்தில் கணினியில் யார் என்ன தட்டுகிறார்கள் என்று எல்லாமே தாளில் ஏறியது. "எப்படி நடக்கணும்னு எனக்குச் சொல்லாதீங்க, எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க" என்பார். அவரிடம் சாக்குப்போக்கு எடுபடாது.

அந்தப் படத்தில் வாங்குவோர் என்ற பெட்டியில் முதல் பெயர் பிள்ளையார். பழைய மென்பொருளை ஒரு ஆயுத பூஜையன்று தொடங்கியபோது, எந்தத் தாளிலும் முதலில் சுழி போடுவதைப் போல, முதல் வாடிக்கையாளராக அவர் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். அதன்பின் போக்கிடம் இல்லாத துணியெல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. நிறம் தப்பியதா, ஆர்டர் ரத்தாகி மிஞ்சியதா, பக்கத்துக் கம்பெனிக்கு அவசரத்துக்குக் கொடுத்ததா, எல்லாம் "பிள்ளையார் கணக்குல போடு"தான். புதிய மென்பொருள்காரர்களுக்கு இது விளங்கவில்லை. அவர்கள் மென்பொருளில் வாங்குபவருக்கு நாடு இருந்தாக வேண்டும். "இவர் எந்த நாடு?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில், சோதனைக்குப் போட்ட பெயர் என்று முடிவு கட்டிப் பெயரையும் கணக்கையும் புதியதிலிருந்து எடுத்துவிட்டார்.

விடுமுறைக்கு முன்பு புதிய மென்பொருளை ஒத்திகை பார்த்தோம். குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்றுக்குத் துணி பற்றவில்லை. கட்டிங் மாஸ்டர் வழக்கம்போலப் பிள்ளையாரிடம் எடுக்கச் சொன்னார். கிடங்கில் கூரை தொடத் துணி கிடக்கிறது, திரையோ துணியே இல்லை என்றது. முதலாளி அங்கேயே நின்று பார்த்தார். "கண்ணு முன்னால கெடக்குது, இல்லீங்குது. பழசையே போடுங்க" என்று திரும்பி நடந்தார். மேடம், "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றார். கெஞ்சலே இல்லாத குரல்.

தாளை விரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆளைக் கூப்பிட்டார். "பிள்ளையாருக்கு நீங்க என்ன குடுப்பீங்க, அவருகிட்ட என்ன எடுப்பீங்க?" என்று ஒரே கேள்விதான். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு. கொஞ்ச நேரத்தில் கோடுகளுக்குள் பெயரே மறைந்துவிட்டது. மேடம் குறுக்கே கோடிழுத்து அந்தப் பெயரை அடித்தபோது முதலாளி வந்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், பிள்ளையாரை எடுத்துப்போட்டுத் தொழில் பண்ணச் சொல்றீங்களா?"

மேடம் கழுத்தில் சிலுவைச் சங்கிலி.

"அவரு நம்மகிட்ட பனியன் வாங்குதாரா சார்? வாங்குறவங்க பெட்டியில அவருக்கு என்ன சோலி? முதல் திரையில படமா வைப்போம், எல்லாரும் கும்பிட்டுட்டு உள்ள வரட்டும். தப்பு நடக்கும்னு பழைய புரோகிராம்ல யாரும் ஒரு பெட்டி போடலை. அதான் எல்லாத்தையும் சாமி தலையில கட்டிட்டாவோ."

சொல்லிக்கொண்டே வரைந்தார். நிறம் தப்பியது, மிஞ்சியது, கைமாற்றாகக் கொடுத்தது என்று தனித்தனிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பொறுப்பானவர் பெயர் கட்டாயம். முதலாளி ஒவ்வொரு பெட்டியிலும் விரல் வைத்துப் படித்தார். பிறகு, "செஞ்சு பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

விடுமுறையில் ஊரே காலியானது. மேடம் தம் ஊருக்குப் போகவில்லை. படத்தில் இருந்தபடியே எல்லாம் ஏற்றி முடித்தோம். ஆனால் திறந்த அன்று காலை வேறு வம்பு வந்தது. பிள்ளையார் கணக்கில் கிடந்த துணிக்கெல்லாம் பொறுப்பாளர் பெயர் ஏறினால்தான் கிடங்கிலிருந்து துணி எடுக்கத் திரை வழிவிடும். தன் பெயரைத் தட்ட ஒருவரும் வரவில்லை. சாயப்பட்டறைக்காரர் போடட்டும் என்றார் கட்டிங் மாஸ்டர், நிட்டிங்காரர் போடட்டும் என்றார் சாயப்பட்டறைக்காரர். மேசைகள் வெறுமனே கிடந்தன. யார் பெயரையாவது நாமே போட்டுவிடலாம் என்று நான் மேடத்தின் காதில் சொன்னேன். "அப்புறம் எதுக்கு மாத்துனோம்?" என்றார்.

முதலாளி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைமாற்றுப் பெட்டியில் ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினார். "மண்ணரை மச்சான் அவரு கம்பெனிக்குத் துணி கேட்டாருங்க, குடுத்துட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல். அவர் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். முதலாளி எழப்போனார்.

"துணி திரும்பி வர்ற தேதி போடாம அடுத்த பக்கம் போவாது சார்" என்றார் மேடம்.

தேதி போட்டார். கட்டிங் ஓடியது.

மேடம் இப்போது ஊரோடு போய்விட்டார். அந்த மென்பொருளும் பழசாகி, அடுத்த மாற்றத்துக்கு நான் பொறுப்பு. நான் வரைந்த படத்தைத் திரையில் பார்த்த புதிய பையன்கள், கைமாற்றுத் துணிக்குத் தேதி எதற்கு, எடுத்துவிடலாமே என்று போன வாரம் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள், பின்னால் நின்ற முதலாளி சொன்னார்: "அதுல கைய வெக்காதீங்க கண்ணு. அந்தம்மா என்னையவே உடுல."